கம்பியில் போன கையெழுத்து

2018, நவம்பர் 21. புதன்கிழமை. ராத்திரி எட்டு மணி சுமார்.

ஸ்ரீநகரில் மெஹபூபா முஃப்தி ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தார். கடிதம் போக வேண்டிய இடம் ஜம்முவில் இருக்கும் ராஜ்பவன். பெற வேண்டியவர் கவர்னர் சத்யபால் மாலிக். விஷயம் ரொம்ப எளிமை. 'எங்கள் கட்சி, தேசிய மாநாட்டுக் கட்சி, காங்கிரஸ், மூன்றும் சேர்ந்தால் 56 பேர். 87 பேர் உள்ள சபையில் எங்களுக்கு மெஜாரிட்டி இருக்கிறது. ஆட்சி அமைக்கக் கூப்பிடுங்கள்.'

நேரில் போய்க் கொடுக்கலாமென்றால் நடுவில் பனிமலை. சரி, ஃபேக்ஸ் அனுப்பலாம். அனுப்பினார்கள். போகவில்லை. மறுபடி அனுப்பினார்கள். ம்ஹூம். போன் போட்டால் கவர்னர் லைனில் கிடைக்கவில்லை. கடைசியில் மெஹபூபா அந்தக் கடிதத்தை ட்விட்டரில் போட்டார். ராஜ்பவனில் ஃபேக்ஸை வாங்க மாட்டேன் என்கிறார்கள் என்று ஊருக்கே சொன்னார்.

ஊரே படித்தது. டெல்லி படித்தது. டி.வி.காரர்கள் வரிவரியாகப் படித்துக் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் ராஜ்பவனிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. சட்டசபை கலைக்கப்பட்டது!

மறுநாள் கவர்னரிடம் பத்திரிகைக்காரர்கள் ஃபேக்ஸ் பற்றிக் கேட்டார்கள். மாலிக் அசரவில்லை. நேற்று மீலாது நபி, விடுமுறை நாள், என் சமையல்காரர்கூட லீவு, ஃபேக்ஸ் மெஷின் பக்கத்தில் உட்கார ஆளுக்கு எங்கே போவது என்கிற ரீதியில் பதில் சொன்னார். உமர் அப்துல்லா விடுவாரா? ராஜ்பவன் ஃபேக்ஸ் ஒருவழிப் பாதை, வெளியே போகும், உள்ளே வராது என்று கிண்டலடித்தார்.

இந்தச் சிரிப்பு, கோபம் எல்லாவற்றையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு கேள்வி. உலகத்துக்கே தெரிந்துவிட்ட ஒரு கடிதம், கவர்னருக்கு மட்டும் 'கிடைக்காமல்' போவது எப்படி?

இதற்குப் பதில் தேட, 175 வருஷம் பின்னால் போக வேண்டும். ஃபேக்ஸுக்கு அவ்வளவு வயசா என்று கேட்காதீர்கள். டெலிபோனைவிட மூத்தது அது. கிரஹாம் பெல் டெலிபோனுக்கு பேட்டன்ட் வாங்கியது 1876. ஃபேக்ஸுக்கு பேட்டன்ட் வாங்கியது 1843. அண்ணனுக்கும் தம்பிக்கும் 33 வயசு வித்தியாசம்.

வாங்கியவர் பெயர் அலெக்சாண்டர் பெயின். ஸ்காட்லாந்தின் வடகோடியில் வாட்டன் என்கிற குக்கிராமம். குத்தகை விவசாயக் குடும்பம். வீட்டில் மொத்தம் பதின்மூன்று பிள்ளைகள். பள்ளிக்கூடம் சரிப்பட்டு வராத பையனைக் கடிகாரக் கடையில் எடுபிடியாகச் சேர்த்துவிட்டார்கள். அங்கே தொழில் கற்று, எடின்பரோ போய், அங்கிருந்து லண்டன் போய்ச் சேர்ந்தார்.

கடிகாரக்காரர் என்பதால் மனுஷனுக்குக் கண்ணை மூடினாலும் பெண்டுலம்தான். இரண்டு ஊர்களில் இரண்டு பெண்டுலங்கள், இரண்டும் ஒரே தாளத்தில் ஆடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊர்ப் பெண்டுலத்தின் நுனியில் ஓர் ஊசி. அது உலோக எழுத்துகளின் மேல் உரசிக்கொண்டு போகிறது. உலோகம் பட்டால் கம்பியில் மின்சாரம் ஓடும். படாவிட்டால் ஓடாது. அந்த ஊர் ஊசி, ரசாயனத்தில் நனைத்த காகிதத்தின் மேல் உரசுகிறது. மின்சாரம் வந்தால் காகிதத்தில் கறை விழும். வராவிட்டால் வெள்ளை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் காகிதம் ஒரு நூல் இறங்குகிறது. கோடு கோடாகக் கறை சேர்ந்து, கடைசியில் பார்த்தால் இங்கே இருந்த எழுத்து அங்கே!

அவ்வளவுதான் ஃபேக்ஸ். படத்தைக் கோடு கோடாக நறுக்கு, கம்பியில் அனுப்பு, மறுமுனையில் கோடு கோடாக அடுக்கு. பின்னால் டெலிவிஷனும் இதே வித்தையைத்தான் செய்தது. அதனால்தான் 2016இல் அமெரிக்க டி.வி. உலகத்தின் எம்மி விருதில் ஒன்றைப் பெயினுக்குக் கொடுத்தார்கள். செத்து 139 வருஷம் கழித்து.

உயிரோடு இருந்தபோது அவருக்குக் கிடைத்தது வேறு. காசு இல்லாமல் திண்டாடிய 1840இல், தன் மின்சாரக் கடிகார மாடல்களை எடுத்துக்கொண்டு பெரிய விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டனிடம் போனார். வீட்ஸ்டன் பார்த்தார். இதில் எதிர்காலம் இல்லையப்பா, விட்டுவிடு என்று அனுப்பிவைத்தார். சில மாதத்தில் ராயல் சொசைட்டியில் ஒரு மின்சாரக் கடிகாரம் அரங்கேறியது. கண்டுபிடித்தவர்? வீட்ஸ்டன்!

நல்லவேளை, பெயின் அதற்கு முன்பே பேட்டன்டுக்கு மனு போட்டிருந்தார். சண்டை பிரபுக்கள் சபை வரைக்கும் போனது. பெயின் சொன்னதை நம்பினார்கள். நஷ்டஈடும் ஆயிரக்கணக்கில் கிடைத்தது. ஆனால் கைக்கு வந்த பணத்தை வழக்குகளும் வியாபாரமும் தின்றுவிட்டன. கடைசிக் காலத்தில் அரசாங்கம் பார்த்துப் போட்ட வருஷத்துக்கு 80 பவுண்ட் பென்ஷனில் காலம் தள்ளி, தீராத நோயாளிகளுக்கான இல்லம் ஒன்றில் 1877 ஜனவரியில் கண்ணை மூடினார்.

பெயினுக்குப் பிறகு ஃப்ரெடரிக் பேக்வெல் என்கிற ஆங்கிலேயர். பெண்டுலத்துக்குப் பதில் சுழலும் உருளை வைத்தார். 1851இல் லண்டனில் நடந்த பிரமாண்டக் கண்காட்சியில் காட்டினார். ஜனங்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு முனையும் ஒரே தாளத்தில் ஓடவில்லையென்றால் எழுத்து கோணலாகி, ஒட்டகம் மாதிரி ஆகிவிடும். அதுதான் பிரச்னை.

அதைத் தீர்த்தவர் ஒரு பாதிரியார். ஜியோவன்னி கசெல்லி. இத்தாலியின் சியனாவில் பிறந்தவர். அரசியலிலும் மூக்கை நுழைத்து, 1849இல் மோடனாவிலிருந்து வெளியேற்றப்பட்டவர். பிறகு ஃபிளாரன்ஸில் பௌதிகம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஒரு மெஷினைக் கட்ட ஆரம்பித்தார். பான்டெலிகிராஃப். இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான இரும்பு ராட்சதன். தாளத்தைப் பிடித்துவைக்கத் தனியாக ஒரு கடிகாரம். பாரீஸில் ஃப்ரோமான் என்கிற கருவி நிபுணரின் பட்டறையில் அது உருப்பெற்றது. 1860இல் சக்ரவர்த்தி மூன்றாம் நெப்போலியனே பட்டறைக்கு வந்து பார்த்துவிட்டு மயங்கிப் போனார்.

சோதனைக்காகப் பாரீஸிலிருந்து அமியான் நகரத்துக்கு, 140 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒன்றை அனுப்பினார்கள். என்ன அனுப்பினார்கள் தெரியுமா? வணக்கம் இல்லை, வாழ்த்து இல்லை, பைபிள் வாக்கியம் இல்லை. இசையமைப்பாளர் ரொஸ்ஸீனியின் கையெழுத்து.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

அப்போது தந்தி அமோகமாக ஓடிக்கொண்டிருந்தது. மோர்ஸ் கட்டை தட்டினால் எவ்வளவு தூரத்துக்கும் வார்த்தை போகும். மலிவும்கூட. பிறகு எதற்கு இந்த இரும்பு ராட்சதன்? ஒரே ஒரு காரணம். தந்தியில் வார்த்தை போகும், ஆள் போக முடியாது. 'ஐயாயிரம் ஃபிராங்க் கொடுத்துவிடவும்' என்று யார் வேண்டுமானாலும் தட்டலாம். கீழே கையெழுத்து? அது தந்தியில் வராதே. நடுவில் இருக்கும் தந்திக்காரர் கைபட்டதும் எல்லாமே வெறும் எழுத்தாகிவிடுகிறது.

1865இல் பாரீஸ்-லியோன் தடத்தில் பான்டெலிகிராஃப் பொதுமக்கள் சேவைக்கு வந்தது. ஈயத்தகட்டில் மின்சாரம் கடத்தாத மையால் எழுதிக் கொடுக்க வேண்டும். மறுமுனையில் ரசாயனக் காகிதத்தில் நீல நிறத்தில் அதே எழுத்து, அதே சாய்வு, அதே கிறுக்கல். அதற்கு முக்கிய வாடிக்கையாளர்கள் காதலர்களும் இல்லை, கவிஞர்களும் இல்லை. பாங்க்காரர்கள். பணம் கேட்பவரின் கையெழுத்து நிஜம்தானா என்று ஒத்துப்பார்க்க!

ஆக, பிறந்தபோதே இந்த மெஷினுக்கு வேலை செய்தி சொல்வது இல்லை. செய்தி சொல்லத் தந்தி இருந்தது. இதன் வேலை 'நான்தான் சொல்கிறேன்' என்று சொல்வது.

கசெல்லியின் கதையும் சுபமாக முடியவில்லை. தந்தி இலாகா இதை வளர்க்க அக்கறை காட்டவில்லை. 1870இல் பிரஷ்யாவுடன் யுத்தம் வந்தது, சேவை நின்றது, மறுபடி எழவில்லை. பாதிரியார் ஃபிளாரன்ஸுக்கே திரும்பி 1891இல் காலமானார்.

அடுத்த அறுபது எழுபது வருஷத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். அதில் ஃபேக்ஸ், பத்திரிகைகளுக்குப் போட்டோ அனுப்பும் மெஷினாகப் பிழைப்பு நடத்தியது. ஜெர்மனியில் ஆர்தர் கோர்ன், பிரான்ஸில் எடுவார் பெலின் என்று பலர் கை வைத்தார்கள். 1928இல் கியோட்டோவில் ஹிரோஹிட்டோவின் முடிசூட்டு விழா. அந்தப் படங்கள் டோக்கியோவுக்குக் கம்பியில் பறந்தன. அனுப்பியவற்றில் ஒரு மெஷின் ஜப்பானியர் யசுஜிரோ நிவா உருவாக்கியது. இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியர்கள் இந்த மெஷினை விடவேயில்லை.

ஏன் விடவில்லை? அவர்கள் எழுத்து அப்படி. ஆயிரக்கணக்கான காஞ்சி சித்திரங்கள். (நம்ம காஞ்சிபுரம் இல்லை, சீனத்திலிருந்து போன அவர்கள் எழுத்து.) டைப்ரைட்டரில் அடிப்பதற்குள் விடிந்துவிடும். டெலக்ஸில் அனுப்பவும் வழியில்லை. ஃபேக்ஸுக்கோ பாஷையே தெரியாது. தெரியாததுதான் அதன் பெருமை. அது எழுத்தைப் படிப்பதில்லை. கறுப்பு, வெள்ளை, அவ்வளவுதான். ஜப்பானியமோ, உருதுவோ, தமிழோ, கோழிக்கிறுக்கலோ, எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

1966இல் ஜெராக்ஸ் கம்பெனி மேஜைமேல் வைக்கிற மாதிரி ஒரு மெஷின் கொண்டுவந்தது. 21 கிலோ எடை. சாதாரண டெலிபோனோடு இணைக்கலாம். ஒரு பக்கம் போக ஆறு நிமிஷம்! அதற்குள் ஒரு காபி சாப்பிட்டு, டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம். பெரிய திருப்பம் 1980இல் வந்தது. சர்வதேசத் தந்தி-டெலிபோன் அமைப்பு 'குரூப் 3' என்கிற பொது விதியை வகுத்தது. எந்தக் கம்பெனி மெஷினும் எந்தக் கம்பெனி மெஷினோடும் பேசலாம்.

அதில் ஒரு தந்திரம். பக்கத்தின் குறுக்கே ஒவ்வொரு கோட்டையும் 1,728 புள்ளிகளாகப் பிரிக்கும். அத்தனையையும் ஒவ்வொன்றாக 'வெள்ளை, வெள்ளை, வெள்ளை' என்று சொல்லிக்கொண்டிருக்காது. 'வெள்ளை நானூறு, கறுப்பு மூன்று, வெள்ளை ஐம்பது' என்று சுருக்கிச் சொல்லும். எந்தக் கடிதத்திலும் காலி இடம்தானே ஜாஸ்தி? ஆறு நிமிஷம் ஒரு நிமிஷமாகச் சுருங்கிவிட்டது.

அதற்கப்புறம் நடந்தது நமக்குத் தெரியும். தொண்ணூறுகளில் தெருவுக்குத் தெரு மஞ்சள் போர்டு. எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ., அப்புறம் பெருமையாக ஃபேக்ஸ். ராத்திரி கால் ரேட்டுக்காகக் காத்திருந்த கூட்டம். 'ட்டூ... கீ...ச்ச்ச்' என்று இரண்டு மெஷின்களும் குசலம் விசாரித்துக்கொள்ளும் சத்தம் கேட்டால்தான் நிம்மதி. முடிந்ததும் நாக்கு நீட்டுகிற மாதிரி ஒரு துண்டுக் காகிதம் வரும். தேதி, மணி, நம்பர், பக்கம் எத்தனை. கடைசியில் 'ஓகே'. அந்த ஓகேயைப் பர்ஸில் பத்திரப்படுத்தியவர்கள் உண்டு. டெண்டர் போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அந்த ஓகேயை நம்பி நான் மோசம் போனேன். ஒரு பத்திரிகைக்கு அவசரமாகக் கட்டுரை. நான்கு பக்கம். கடைப் பையன் அனுப்பினான், ஓகே வந்தது, நிம்மதியாக வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். காலையில் ஆபீஸிலிருந்து போன். "சார், நாலு வெள்ளைப் பேப்பர் வந்திருக்கே, புதுக்கவிதையா?" பையன் காகிதத்தைத் திருப்பி வைத்து அனுப்பியிருக்கிறான். மெஷினைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. வெள்ளை, வெள்ளை, வெள்ளை.

என் நண்பன் கதை இன்னும் சோகம். வேலைக்கான உத்தரவு ஃபேக்ஸில்தான் வந்தது. கடைக்காரர் சைக்கிளில் வந்து கொடுத்துவிட்டு ஸ்வீட் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வழவழவென்று சுருண்டுகொள்ளும் தெர்மல் பேப்பர். சூடு பட்டால் கறுக்கும், அதுதான் அதில் எழுத்து விழும் விதம். வெயில் பட்டால், நாள்பட்டால் மங்கிப் போகும். விவரம் தெரிந்தவர்கள் உடனே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்வார்கள். நண்பனின் அப்பா இன்னும் ஒரு படி மேலே போய், கெட்டுப்போகக் கூடாதே என்று லாமினேஷன் செய்யக் கொடுத்தார். சூடான உருளைக்குள் போய் மறுபக்கம் வந்தபோது, பளபளவென்று ஒரு கறுப்புப் பலகை. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் அதற்குள் எங்கேயோ இருக்கிறது. கம்பெனிக்குப் போன் போட்டு, கெஞ்சி, மறுபடி ஒன்று அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினார்கள். நல்ல மனுஷர்கள்.

ஈமெயில் வந்ததும் ஃபேக்ஸ் செத்துப்போயிருக்க வேண்டும். சாகவில்லை. இங்கிலாந்தின் அரசு ஆஸ்பத்திரிகளில் 2018இல் கணக்கெடுத்தபோது கிட்டத்தட்ட 9,000 மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. இனி புதிதாக வாங்கவே கூடாது என்று 2019 ஜனவரியிலிருந்து தடை போட்டார்கள். ஜப்பானில் 2020இல் கொரோனா வந்தபோது, நோயாளி விவரத்தை டாக்டர்கள் கையால் எழுதி, சுகாதார மையத்துக்கு ஃபேக்ஸ் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். புல்லட் ரயில் விடுகிற தேசம்! அடுத்த வருஷம் அமைச்சர் டாரோ கோனோ, அரசு ஆபீஸ்களில் ஃபேக்ஸை ஒழிப்பேன் என்று கிளம்பினார். இலாகாக்களிலிருந்து நூற்றுக்கணக்கில் ஆட்சேபணைகள் வந்து குவிந்தன.

எல்லாம் அந்தக் கசெல்லி காலத்துப் பழக்கம்தான். கையெழுத்துப் போட்ட காகிதம். அது இங்கிருந்து போயிற்று, அங்கே வந்தது. வந்ததற்கு ஒரு நேரம், ஒரு நம்பர். நம்ம ஊர் ஆபீஸ் பாஷையில் சொன்னால் 'இன்வர்டு'. டெஸ்பாட்ச் கிளார்க் முத்திரை குத்தும்வரை எந்தத் தபாலும் வந்ததாகக் கணக்கில்லை. மேஜைமேலேயே கிடந்தாலும் சரி, ஆபீசர் ஏற்கெனவே படித்துவிட்டாலும் சரி.

இப்போது ஜம்முவுக்குத் திரும்புவோம்.

மெஹபூபாவின் கடிதத்தில் என்ன இருந்தது என்பது அன்று ராத்திரி யாருக்கும் ரகசியமில்லை. சட்டசபையை கலைத்ததற்குக் கவர்னர் சொன்ன காரணங்கள் வேறு. எதிரெதிர்க் கொள்கைக்காரர்கள் சேர்ந்தால் ஆட்சி நிலைக்காது, குதிரை பேரம் நடக்கிறது என்றார். ஃபேக்ஸ் கிடைத்திருந்தாலும் என் முடிவு மாறியிருக்காது என்று அவரே சொல்லிவிட்டார். அப்படியானால் ஃபேக்ஸ் எதற்கு நடுவில்? கடிதம் 'கிடைத்தது' என்றால், 'வாங்கிப் பார்த்தேன், மறுக்கிறேன்' என்று எழுத வேண்டும். மெஜாரிட்டி இருக்கிறதா என்று சபையிலேயே பார்க்கலாமே என்ற கேள்வி வரும். கிடைக்கவில்லை என்றால் மறுக்க வேண்டிய சங்கடமே இல்லை. எனக்குத் தோன்றுவது இதுதான். மெஷின் நிஜமாகவே கெட்டிருந்ததா, அன்றைக்கு அதன் பக்கத்தில் ஆளே இல்லையா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். பதில் சொல்லாமல் இருக்க ஒரு மெஷின் கிடைத்தது.

கலைந்த சபைக்கு இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயுள் மிச்சமிருந்தது. 2019 ஆகஸ்ட் 5 அன்று 370ஆவது பிரிவின் சலுகைகள் நீக்கப்பட்டன. மாநிலம் இரண்டு யூனியன் பிரதேசங்களாகப் பிரிந்தது. அப்போது மாநிலத்தின் கருத்தைச் சொல்ல அங்கே சட்டசபை என்று ஒன்று இல்லை. அந்த இடத்தில் பார்லிமென்ட் நின்றது. மறுபடி ஜம்மு காஷ்மீர் மக்கள் சட்டசபைக்கு ஓட்டுப் போட்டது 2024இல். ஒருவழி ஃபேக்ஸ் என்று கிண்டலடித்த உமர் அப்துல்லா அந்த அக்டோபரில் முதலமைச்சர் ஆனார். சத்யபால் மாலிக் 2025 ஆகஸ்ட் 5 அன்று டெல்லியில் காலமானார்.

இன்னொரு விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். அதே ராத்திரி இன்னொருவரும் ஆட்சி அமைக்க உரிமை கோரினார். மக்கள் மாநாட்டுக் கட்சியின் சஜாத் லோன். அவருக்குச் சொந்தமாக இரண்டு எம்.எல்.ஏ. பா.ஜ.க.வின் ஆதரவும், மேலும் 18 பேர் ஆதரவும் உண்டு என்று கடிதம் எழுதினார். அவருக்கும் ராஜ்பவன் ஃபேக்ஸ் கிடைக்கவில்லை. அவர் விவரமான ஆள். கவர்னரின் பி.ஏ.வுக்குக் கடிதத்தை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார்.

அது போய்ச் சேர்ந்தது. அவருக்கும் கூப்பிட்டு அனுப்பவில்லை.